பேசிக் ஏறியது, கைக்கு வருவது குறைந்தது: டீம் கேட்டால் மேனேஜர் என்ன சொல்வது?

மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போங்க. பந்தியில் பக்கத்தில் உட்காரும் மாமா, இலையில் அப்பளம் விழுவதற்குள் கேட்டுவிடுவார்: "எங்கப்பா வேலை? கைக்கு எவ்வளவு வருது?" அங்கே அது யாருக்கும் தப்பாகத் தெரியாது. மறுநாள் காலை செம்பூரில் ரயில் ஏறி ஆபீஸ் போனால் கதையே வேறு. மூன்று வருஷமாகப் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு என்ன சம்பளம் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்பது அநாகரிகம். சொல்வதற்கோ பல கம்பெனிகளில் ஆஃபர் லெட்டரிலேயே தடை இருக்கிறது.

அந்த மௌனம் இந்த அப்ரைசல் சீசனில் கொஞ்சம் உடைந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-ம் தேதி மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதைத் தொடர்ந்து பல நிறுவனங்கள் சம்பளக் கட்டமைப்பைத் திருத்தி எழுதத் தொடங்கின. புதிய சாலரி லெட்டர் கைக்கு வந்ததும் எழும் கேள்விகள் எச்ஆருக்கு மெயிலாகப் போவதில்லை. டீ குடிக்கும் இடத்தில் டீம் லீடிடம்தான் வருகின்றன. "அண்ணா, பேசிக் ஏறியிருக்கு. ஆனா கைக்கு வர்றது குறைஞ்சிருக்கே, எப்படி?"

அந்த அண்ணாவுக்கு 29 வயது இருக்கும். போன வருஷம்தான் பதவி உயர்வு கிடைத்தது. க்ளையன்ட் காலில் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்கு இரண்டு நாள் ட்ரெயினிங் கொடுத்த நிறுவனம், இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியிருக்காது. அவருடைய லெட்டரும் அவருக்கே புரியவில்லை. "கவர்மென்ட் ரூல் மாத்திட்டாங்கப்பா, நம்ம கையில எதுவும் இல்ல" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் அந்த உரையாடலில் உட்காருவது ஆபத்து. நீங்கள் அந்த அண்ணாவாக இருந்தாலும் சரி, கேள்வி கேட்ட தம்பியாக இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

29 மத்திய சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கியிருக்கிறார்கள். சம்பளப் பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது ஊதியச் சட்டத் தொகுப்பு. 2019 ஆகஸ்டிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அதை முழுமையாக அமலாக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊதியப் பட்டுவாடாச் சட்டம் (1936), குறைந்தபட்ச ஊதியச் சட்டம் (1948), போனஸ் சட்டம் (1965), சம ஊதியச் சட்டம் (1976) நான்கும் இதற்குள் அடங்கிவிட்டன.

இதில் 'ஊதியம்' என்ற சொல்லுக்கே புது வரையறை. பேசிக், அகவிலைப்படி போன்றவை ஊதியம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, போனஸ், கமிஷன், ஓவர்டைம், நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு ஆகியவை ஊதியத்துக்கு வெளியே. இந்த வெளிப் பட்டியலில் உள்ளவை மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியமாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

கவனியுங்க, 'பேசிக் 50 சதவீதம் இருந்தே ஆக வேண்டும்' என்று சட்டம் கட்டளையிடவில்லை. உங்கள் லெட்டரில் பேசிக் 35 சதவீதமாகவே தொடரலாம். ஆனால் பிஎஃப், கிராஜுவிட்டி போன்ற கணக்குகளுக்கு 50 சதவீதத்தை ஊதியமாகப் பார்ப்பார்கள். இவ்வளவு காலம் பேசிக்கைக் குறைத்து, 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்ற பெயரில் மீதியைக் கொட்டிவைத்ததற்கு முக்கியக் காரணமே, பேசிக்கை வைத்துக் கணக்கிடும் செலவுகளைக் குறைப்பதுதான். அந்தக் கதவைத்தான் மூடியிருக்கிறார்கள்.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். நிறுவனத்தின் பிஎஃப் பங்கை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் மாதம் 1 லட்சம் ரூபாய் சம்பளம். பேசிக் 35,000; மற்ற படிகள் 65,000. பாதிக்கு மேல் போனது 15,000. ஆகவே புது வரையறைப்படி ஊதியம் 50,000.

இனி உங்கள் நிறுவனம் பிஎஃப் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சட்டப்படியான உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 12 சதவீதமான 1,800 ரூபாயை மட்டும் பிடிக்கும் நிறுவனம் என்றால், ஊதியம் 35,000 ஆனாலும் 50,000 ஆனாலும் பிடித்தம் அதேதான். கைக்கு வருவது பிஎஃப்-ஆல் குறையாது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2025 டிசம்பரில் கொடுத்த விளக்கமும் இதுதான்.

உச்சவரம்பைப் பார்க்காமல் முழு பேசிக்குக்கும் பிஎஃப் கட்டும் நிறுவனம் என்றால்? முன்பு 35,000-க்கு 12 சதவீதம், அதாவது 4,200. அதே முறையைத் தொடர்ந்தால் இப்போது 6,000. உங்கள் பங்கில் 1,800 கூடுகிறது. நிறுவனத்தின் பங்கிலும் 1,800 கூடுகிறது. சிடிசியை மாற்றாமல், அந்த நிறுவனப் பங்கையும் அதற்குள்ளேயே அடக்கினால், கைக்கு வருவதில் மாதம் சுமார் 3,600 ரூபாய் குறையும். அது உங்கள் பிஎஃப் கணக்கில்தான் சேர்கிறது, வட்டியும் உண்டு. ஆனால் செம்பூரில் வாடகையும் பைக் லோனும் கட்டுகிற ஒருவரிடம் "ரிடயர்மென்ட்ல வரும்" என்று சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கிராஜுவிட்டியில் கணக்கு ஊழியருக்குச் சாதகம். கடைசி ஊதியத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு, 35,000 ஊதியத்தில் 1,00,961 ரூபாய். 50,000 ஊதியத்தில் 1,44,230 ரூபாய். ஒப்பந்த காலம் குறிப்பிட்டுச் சேருகிறவர்களுக்கு ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு என்பதும் புதுசு. ஆனால் இங்கேயும் ஒரு இடம் இருக்கிறது. பல சிடிசி லெட்டர்களில் 'கிராஜுவிட்டி' என்று ஒரு வரி இருக்கும், பேசிக்கில் 4.81 சதவீதம். அதையும் சிடிசிக்குள்ளேயே வைத்துக் கூட்டினால், மேலே சொன்ன உதாரணத்தில் இன்னும் 720 ரூபாய் போல மாதாந்திரப் பணத்திலிருந்து அந்தப் பக்கம் நகரும்.

"கவர்மென்ட் ரூல்" என்ற பதில் ஏன் பாதி உண்மை என்று இப்போது தெரிந்திருக்கும். ஊதியம் என்றால் என்ன என்பதைச் சட்டம் தீர்மானித்தது. கூடுதல் செலவை யார் தலையில் வைப்பது, சிடிசிக்கு உள்ளேயா வெளியேயா, பிஎஃப் உச்சவரம்போடா முழுசுக்குமா என்பதையெல்லாம் தீர்மானித்தது உங்கள் நிறுவனம். நிறுவனங்களுக்கும் இதில் வலி இருக்கிறது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டிசிஎஸ் 2025 டிசம்பரில் முடிந்த காலாண்டில் இந்தச் சட்ட மாற்றத்துக்காக மட்டும் 2,128 கோடி ரூபாயை ஒருமுறைச் செலவாகக் காட்டியது. இன்ஃபோசிஸ் 1,289 கோடி. பழைய சர்வீஸுக்கான கிராஜுவிட்டிப் பொறுப்பு கூடியதுதான் பெரும் பகுதி. டீமிடம் பேசும்போது இதையும் மறைக்க வேண்டியதில்லை, அதை மட்டுமே சொல்லவும் வேண்டியதில்லை.

மேனேஜர் சொல்லக்கூடிய நேர்மையான பதில் இப்படி இருக்கலாம்: "உன் சிடிசி அதேதான். பிஎஃப் முழு பேசிக்குக்கும் பிடிக்கிறதால மாசம் இவ்வளவு குறையும், அது உன் பிஎஃப்ல இவ்வளவா சேரும். கம்பெனி பங்கையும் சிடிசிக்குள்ள வைக்கிறது நிர்வாகத்தோட முடிவு. அதுல மாத்த வழி இருக்கான்னு நான் பே ரோல்ல கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்." இதில் எந்த வார்த்தையும் இனிப்பாக இல்லை. ஆனால் கேட்டவர் போய் நிபுணர் ஒருவரிடம் விசாரித்தாலும் நீங்கள் பொய் சொன்னதாக ஆகாது.

(போகிற போக்கில் ஒன்று. மகாராஷ்டிராவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தொழில் வரி மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300. வருஷம் 2,500. ஒவ்வொரு மார்ச்சிலும் "நூறு ரூபா ஏன் குறைஞ்சுது?" என்று ஒருவர் கேட்பார். இதைக்கூடச் சொல்லத் தெரியாத மேனேஜரிடம் அவர் பெரிய கேள்வியைக் கொண்டுவர மாட்டார்.)

"அவனுக்கு மட்டும் ஏன் அதிகம்?"

இதுதான் கஷ்டமான கேள்வி. கணக்கு காட்டித் தப்பிக்க முடியாது. நாலு வருஷமாக இருக்கும் பெண்ணைவிடப் போன மாதம் சேர்ந்த பையனுக்கு அதிகம் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. பெரும்பாலான மேனேஜர்கள் முதலில் கேட்பது, "உனக்கு யார் சொன்னாங்க?" அந்த நொடியிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. கேள்வி சம்பளத்தைப் பற்றியது. பதில் விசுவாசத்தைப் பற்றியதாகிவிட்டது.

இந்த ஊரிலேயே நடந்த ஒரு வழக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரு காலத்தில் மாட்டுங்காவில் வீட்டுக்கு வீடு ஸ்டெனோவும் டைப்பிஸ்டும் இருந்தார்கள். தெற்கிலிருந்து ஷார்ட்ஹேண்ட் கற்று பம்பாய்க்கு ரயில் ஏறிய தலைமுறை அது. உங்கள் தாத்தாவும் அதில் ஒருவராக இருக்கலாம். அதே பம்பாயில், மெக்கின்னன் மெக்கென்சி என்ற கப்பல் நிறுவனத்தில் ஸ்டெனோவாக இருந்தவர் ஆட்ரி டிகோஸ்டா. 1977-ல் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு, ஆண் ஸ்டெனோக்களைவிடத் தனக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டப்படி முறையிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1987-ல் தீர்ப்பு வந்தது.

நிறுவனம் சொன்ன காரணங்களைப் படித்தால் நேற்று நடந்த அப்ரைசல் மீட்டிங் மாதிரியே இருக்கும். அவர்கள் உயர் அதிகாரிகளுக்கான 'கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராஃபர்', வேலையே வேறு என்றார்கள். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுக்கிறோம் என்றார்கள். சமமாகக் கொடுக்க நிறுவனத்தின் நிதி நிலைமை இடம் கொடுக்காது என்றார்கள். மூன்றும் நிற்கவில்லை. பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, செய்யும் வேலை ஒன்றா என்பதை நீதிமன்றம் பார்த்தது. ஒப்பந்தம் சட்டத்தை மீற முடியாது. சட்டம் பொருந்துவது முதலாளியின் பண வசதியைப் பொறுத்தது அல்ல என்றது.

அந்தச் சம ஊதியச் சட்டத்தின் சாரம் இப்போது ஊதியத் தொகுப்பின் 3-வது பிரிவில் இருக்கிறது. ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்குப் பாலின அடிப்படையில் ஊதியத்தில் பாகுபாடு காட்டக் கூடாது. ஆகவே உங்கள் டீமில் இருவருக்கு இடையே வித்தியாசம் இருந்தால், மீட்டிங்குக்கு முன்பே நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: இதற்கு ஒரு காரணம் இருக்கிறதா, அதை எழுதிக் காட்ட முடியுமா? அனுபவம், கூடுதல் பொறுப்பு, ஆள் கிடைக்காத ஒரு திறமை ஆகியவையெல்லாம் காரணங்கள். "அவன் சேரும்போது பேரம் பேசினான், நீ பேசல" என்பது நடந்த உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக் காரணமாகச் சொல்லிப் பாருங்கள், உங்கள் காதுக்கே எப்படிக் கேட்கிறது என்று.

இன்னும் மோசமான ஒன்று நம் ஊர்ப் பழக்கத்திலிருந்து வருகிறது. "அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தை. உனக்கென்ன, உன் ஹஸ்பெண்டும் சம்பாதிக்கிறார்ல?" பரிவாகச் சொல்வதாகவே நினைத்துச் சொல்வார்கள். பெண்ணுக்குக் குறைவாகக் கொடுப்பதற்கு வேலையோடு சம்பந்தமில்லாத காரணத்தை, உங்கள் வாயாலேயே சாட்சியம் மாதிரிச் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதைத் தடுக்க முடியுமா? அமெரிக்காவில் 1935-ம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான தனியார் துறை ஊழியர்களுக்கு அந்தப் பேச்சுரிமையைக் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவைக் கொண்டுவந்து, உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க 2026 ஜூன் 7 வரை கெடு வைத்தது. அதன்படி வேலைக்கு வருகிறவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. ஒரே வேலை செய்யும் ஆண், பெண் சராசரி ஊதியத்தைக் கேட்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. இந்தியாவில் இப்படி வெளிப்படையான சட்டம் இல்லை. இங்கே மூன்று மாத சாலரி ஸ்லிப்பை அப்லோட் செய்யாமல் இன்டர்வியூவே நகராது. ஆனால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஐரோப்பிய வங்கி இருந்தால், அதன் தலைமையகத்தில் இந்தக் கேள்விகளை ஏற்கெனவே கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம்

அந்தக் காம்ப்ளெக்ஸிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் தாராவி. உங்களில் சிலருக்கு அது அப்பா வேலை பார்த்த இடம். அங்கே தோல் பை தைக்கும் பட்டறையில் பீஸுக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு எத்தனை பீஸ் முடித்தாய் என்பதும் தெரியும். பெருக்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கூலி வந்துவிடும். கண்ணாடிக் கட்டடத்தில் இல்லாத வெளிப்படைத்தன்மை தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. ரேட் பேசும் முதலாளியும் யாரோ மேலே இருக்கிறார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, எதிரிலேயே நிற்கிறார்.

அங்கே இல்லாதது காகிதம். சாலரி ஸ்லிப் கிடையாது, பிஎஃப் கிடையாது, சீசன் இல்லையென்றால் வேலையும் கிடையாது. 1948-ம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான் இருந்தது. இப்போது எல்லா வேலைக்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்தாலும் நேரத்துக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. ஊதியச் சீட்டு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. ஊதியம் குறைத்துத் தரப்பட்டது என்று புகார் வந்தால், கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இந்தச் சட்டம் எப்போது நடந்து வந்து சேரும் என்பது வேறு விஷயம். ஆனால் உங்கள் சித்தப்பாவோ மாமாவோ அப்படி ஒரு பட்டறை நடத்தினால், ஸ்லிப் போட்டுக் கொடுக்க ஒரு எக்செல் ஷீட்டை நீங்களே செய்து கொடுக்கலாம். அவர்தான் அங்கே மேனேஜர்.

மீட்டிங்குக்கு முந்தின நாள்

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நாளைக்கு உங்கள் டீமில் ஐந்து பேரோடு தனித்தனியாகப் பேச வேண்டும். எச்ஆரிடமிருந்து ஒவ்வொருவருக்கும் பழைய கட்டமைப்பு, புதிய கட்டமைப்பு இரண்டையும் வாங்கிவையுங்கள். அந்த கிரேடுக்கான சம்பள வரம்பு என்ன, இவர் அதில் கீழே இருக்கிறாரா நடுவில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். "அதைச் சொல்ல மாட்டோம்" என்றால், "அப்படின்னா கேள்விக்கு என்ன பதில் சொல்லணும்னு நீங்களே எழுதிக் கொடுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதல் தடவை மேனேஜராக இருக்கும் பலர் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்கினால் மறுநாள் எதிரில் இருப்பவர் கேட்கும்போது முழிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் சொந்த லெட்டரை முதலில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அது புரிந்தால் மற்றது புரியும்.

வேலை எப்படி இருந்தது என்ற பேச்சையும் எவ்வளவு தருகிறோம் என்ற பேச்சையும் ஒரே அரை மணி நேரத்தில் திணிக்காதீர்கள். எண் காதில் விழுந்த பிறகு வேறு எதுவும் காதில் விழாது. எண்ணை முதல் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பேசவிடுவது நல்லது. சம்பள உயர்வு குறைவு என்றால், "எனக்கே திருப்தி இல்ல, மேல ஒத்துக்கல" என்று கூட்டாளி வேஷம் போட வேண்டாம். அடுத்த தடவை அதிகமாக வந்தால் அதையும் மேலே இருப்பவர் கணக்கில்தான் எழுதுவார். "அடுத்த சைக்கிள்ல பாத்துக்கலாம்" என்பதையும் கவனமாகச் சொல்லுங்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அவர் தேதியோடு ஞாபகம் வைத்திருப்பார். முடியும் என்றால் என்ன செய்தால், எப்போது, யார் ஒப்புதலோடு என்று சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். பேசியதை அன்றைக்கே நாலு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். அது அவருக்கும் காப்பு, உங்களுக்கும் காப்பு.

எதிர்ப் பக்கம் உட்காருகிறவர் கேட்க வேண்டியது மூன்று: பிஎஃப் உச்சவரம்போடா முழுசுக்குமா, கிராஜுவிட்டி சிடிசிக்கு உள்ளேயா வெளியேயா, என் கிரேடின் வரம்பில் நான் எங்கே இருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் சிலர் அடுத்த நாள் ரிசைன் பண்ணத்தான் போகிறார்கள். அதற்கும் புதிய கணக்கு இருக்கிறது. 1936-ம் ஆண்டுச் சட்டத்தின் பட்டுவாடாப் பாதுகாப்பு மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு இல்லை; மேனேஜருக்கும் பொருந்தும். வேலையை விட்டு நின்றால் வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். "ஃபுல் அண்ட் ஃபைனலுக்கு 45 நாள் ஆகும்" என்று பழக்க தோஷத்தில் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். முதலில் பே ரோலுக்கு போன் போடுங்கள்.